லிப்டில் ஏறிய சிவப்பு வண்டி

இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு பேரை, நின்றுபோன லிப்டுகளிலிருந்து உயிரோடு வெளியே எடுத்தவர் அவர். "உயிரோடு" என்பது மாட்டிக்கொண்டவர்களின் சொல். பத்து நிமிஷம் உள்ளே நின்றவர் பத்து நாள் கிடந்ததாகத்தான் சொல்வார். ஒரு பல் மருத்துவர், நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, காரில் மறந்த கண்ணாடியை எடுக்கக் கீழே இறங்கியவர், நடுவழியில் நின்றுவிட்டார். அவரை வெளியே இழுப்பதற்குள் மேலே நாற்காலியில் கிடந்தவருக்கு மரமரப்பும் தெளிந்து, பயத்தில் பல்வலியும் பறந்து, ஆள் வீட்டுக்கே நடையைக் கட்டிவிட்டாராம்.

கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய், அதுதான். எதைக் கேட்டாலும் அந்தக் குமிழியைப் போல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் போய்விட்டு நடுவில் வந்து நிற்பார். டீயா காபியா என்று கேட்டால், "ரெண்டுல எது இப்பப் போட்டது?" என்பார். இரண்டும் இப்போதுதான் போட்டது என்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுது பார்த்த லிப்டை மூன்று தடவை காலியாக ஓட்டிப் பார்க்காமல் ஆளை ஏற்றக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ரசமட்டம் அதை வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டார். புதுச் செருப்பு வாங்கினால் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டுத்தான் தெருவில் கால் வைப்பார். கல்யாணத்துக்கு முன்னால், பெண் வீட்டுப் படிகளில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் அழைப்பு மணியை அழுத்தினாராம். கதவுத் துளை வழியாக மூன்றையும் எண்ணிக்கொண்டிருந்தவர் வருங்கால மாமியார். அந்த அம்மாள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக முப்பது வருஷம் இருந்தவர். எண்ணுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

அந்த வீட்டுக்கே அவர் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தார். பதினோரு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி. அந்தக் கட்டடத்து லிப்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போவார், பகல் ஒன்றரைக்குத் திரும்புவார். லிப்டு ஓடும் குழிக்கு அடியில் உட்கார்ந்தபடி, மேலே எஞ்சின் அறையில் குனிந்தபடி, நடுவே கூண்டின் தலைமேல் குந்தியபடி, நான்கு சுவர்களுக்குள்ளேயே நாற்பத்தேழு வயதாகிவிட்டது. வேலை நேரத்தில் வானத்தைப் பார்ப்பதென்றால், மொட்டை மாடிக் கதவிலிருந்து எஞ்சின் அறைக்கு நடக்கிற பத்தடி தூரம்தான். இருபத்திரண்டு வருஷமாக மேலேயும் கீழேயுமே போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு, ஒரு நாளாவது முன்னால் போக வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசைக்குத்தான் மோட்டார் சைக்கிள் என்று பெயர்.

ஆசை சும்மா வருமா? இரட்டையாகத்தான் வந்தது.

கடையில் அருகருகே இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டும் நடுத்தர எடை, இரண்டும் அறுநூற்றைம்பது சிசியை ஒட்டியவை. சிவப்புக்கு நான்கு சிலிண்டர். கைப்பிடிகள் தாழ்ந்து, பெட்ரோல் டாங்கின் தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்தால் தவளை மாதிரி முன்னால் கவிழ வேண்டும். கறுப்புக்கு இரண்டே சிலிண்டர். கைப்பிடி உயரத்தில், நண்பன் தோளில் கை போடுகிற மாதிரி எட்டியது.

"சார், செவப்பு இருக்கே, அது எஞ்சின் நிமிஷத்துக்கு ஒம்பதாயிரம் சுத்து போனாத்தான் முழிச்சுக்கும். அது வரைக்கும் தூங்கும்," என்றார் விற்பனையாளர். "ஒங்க தெருவுல ஒம்பதாயிரம் சுத்து சுத்துனீங்கன்னா அடுத்த ஊர்ல போய்த்தான் நிப்பீங்க. கறுப்பு அப்படியில்ல. கைய லேசாத் திருப்புனாலே இழுக்கும். சிக்னல்ல நிப்பீங்க, கௌம்புவீங்க, நிப்பீங்க, கௌம்புவீங்க. தெருவுக்குக் கறுப்பு சார்."

"அப்ப செவப்பு?"

"செவப்பு அழகு சார்."

"அப்ப ரெண்டும் நல்லதுதான்."

அன்றைக்கு விற்பனையாளர் சிரித்தார். அதற்கப்புறம் மூன்று வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ரசமட்டம் அளவு நாடாவோடு போனார். முதல் வருஷம் சாதாரண விற்பனையாளராக இருந்தவர் மூன்றாவது வருஷம் கிளை மேலாளராகிவிட்டார். ரசமட்டம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே அவருக்கு அத்தனை அறிவு வந்துவிட்டது என்று கடையில் சொல்லிக்கொண்டார்கள். ரசமட்டத்தின் நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தொரு தலைப்புகள். இருக்கை உயரம், திருப்பும்போது எடுக்கும் வட்டம், சிக்னலில் நிற்கும்போது தொடையில் அடிக்கும் சூடு, பின்னால் உட்காருகிறவருக்கு மிஞ்சும் இடம் என்று எல்லாமே உண்டு. ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு வண்டிக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாக வரும். வராவிட்டால் வருகிறவரைக்கும் புதிதாக ஒரு தலைப்பைச் சேர்ப்பார்.

அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்பத் தெளிவாத் தெரியுதா, இல்ல இப்பவா? முதலாவதா, ரெண்டாவதா?" ஒரு நாள் அந்தப் பரிசோதனைச் சட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கணவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"செவப்பு," என்று ஒரு வில்லையைப் போட்டாள். "இல்ல, கறுப்பு," என்று இன்னொன்றைப் போட்டாள். "எது?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுன்னு சொல்றவங்களுக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்கும். தப்பாச் சொல்லிடுவோமோன்னு பயம், அவ்வளவுதான்."

"அடியே, விடு அவர," என்றார் மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்னைக் கட்டிக்கவே ஆறு மாசம் யோசிச்சாரு. அப்பவும் உங்க அண்ணனோட எடத்துல ஒரு தங்கச்சி இருந்திருந்தா இன்னைக்கு வரைக்கும் யோசிச்சிட்டுத்தான் இருப்பாரு."

சரி, எது என்பது ஒரு பக்கம். எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு பக்கம். ரசமட்டத்தின் இரண்டு பழைய வண்டிகள் தெருவில் நின்ற இடத்திலிருந்தே திருட்டுப் போயிருந்தன. இரண்டாவது போனபோது அவர் பதினோரு மாதம் அதைப் பற்றியே பேசினார். "மூணாவது போச்சுன்னா என்னால கேக்க முடியாது," என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர்கள் வீட்டுக்கென்று ஓர் இடம் உண்டு. அதில் மச்சானின் கார் நின்றது. மச்சான் வேலைக்காக வெளியூர் போகும்போது, "ஒரே ஒரு வாரம் நிக்கட்டும்" என்று உறையைப் போட்டு மூடிவிட்டுப் போனது நான்கு வருஷத்துக்கு முன்னால். அந்த உறைக்கடியில் பூனைகள் மூன்று தலைமுறை கண்டுவிட்டன. சக்கரங்களில் காற்று இல்லை. மச்சான் பேசும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பார். எந்த வாரம் என்று ரசமட்டம் ஒரு தடவையும் கேட்டதில்லை. மாமியார் வீட்டில் இருந்துகொண்டு மாமியார் மகனின் காரை எடு என்பதா? நாக்கு மேலே எழும்பி, பல்லுக்குப் பின்னால் நின்று, திரும்பக் கீழே இறங்கிவிடும். அந்த நாக்கும் லிப்டு மாதிரிதான்.

ஒரு நாள் பேச்சு முற்றி மனைவி எரிச்சலில் சொன்னாள்: "அவ்வளவு ஆசைன்னா வீட்டுக்குள்ளயே கொண்டாந்து நிறுத்துங்க!"

வேறு எந்த மனுஷனாயிருந்தாலும் இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பான். ரசமட்டம் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு நாடாவைத் தேடினார்.

கட்டடத்து லிப்டு பழைய காலத்தது. வெளியே ஒவ்வொரு மாடியிலும் சின்னக் கண்ணாடி வைத்த இரும்புக் கதவு. உள்ளே இழுத்து மடக்குகிற கம்பிக் கதவு. கம்பிக் கதவை மூடிய பிறகு கூண்டின் நீளம் இரண்டு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். சிவப்பு வண்டியின் நீளம் இரண்டு மீட்டர் மூன்று. கறுப்பின் நீளம் இரண்டு மீட்டர் பதினொன்றரை.

நாற்பத்தொரு தலைப்பும் மூன்று வருஷமும் முடிவு செய்யாததை இரண்டு சென்டிமீட்டர் முடிவு செய்துவிட்டது. ரசமட்டத்துக்கு அப்படி ஒரு நிம்மதி. இனி அவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, லிப்டே தேர்ந்தெடுத்துவிட்டது. தெருவில் ஓட்டப்போகிற வண்டியை, தெருவைப் பார்க்காமல் லிப்டைப் பார்த்து வாங்கிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்தத் தப்பைச் செய்ய இருபத்திரண்டு வருஷ அனுபவம் வேண்டும்.

"செவப்பா?" என்றார் கிளை மேலாளர், கண்ணில் தண்ணீரோடு. "ஒருவழியா! ஏன் சார் செவப்பு?"

"பொருந்துது," என்றார் ரசமட்டம்.

பகல் இரண்டு மணிக்குக் கட்டடமே தூங்கும். "வாகனங்களை ஏற்றக் கூடாது" என்று லிப்டில் அவரே ஒட்டிய தாள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்சக்கரத்தை உள்சுவரில் அழுத்தி, வண்டிமேல் நேராக உட்கார்ந்து, வலதுகையால் முன்பிரேக்கைப் பிடித்தபடியே ஏழு மாடி ஏறினார். அதற்குமுன் மூன்று தடவை, வண்டி நீளத்துக்கு வெட்டிய மரக்கட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வண்டி கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நின்றது. மாமியார் அதன் கைப்பிடியில் துண்டு காயப்போட்டார். "கொடி நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, கொஞ்சம் தாழ்வு," என்றார்.

தாழ்வுதான். அதுதான் சங்கடம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும். தாழ்ந்த கைப்பிடி உறுத்தாது. ஆனால் இவர் போகிற தெருவில் காற்று எங்கே? நூறடிக்கு ஒரு சிக்னல், சிக்னலுக்கு நாற்பது வண்டி. உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். முதல் வாரம் வலித்தது. மூன்றாவது வாரம் வலி நின்றது, சந்தோஷப்பட்டார். வலி நிற்கவில்லை, விரல்கள்தான் மரத்துப்போயிருந்தன என்பது ஐந்தாவது வாரம் ஸ்பானர் கையை விட்டு நழுவியபோது தெரிந்தது. ஆறு மாடி ஆழம் அது விழுந்த சத்தம் அடங்க நேரமாயிற்று. கீழே குழியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் குண்டூசி என்கிற ஒல்லி ஆள். ஸ்பானர் அவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"அண்ணே!" என்று கீழிருந்து குரல் வந்தது. "நான் ஒல்லியா இருக்கப் போய்த் தப்பிச்சேன்! இதுவே வேற ஆளா இருந்தா?"

அன்று மாலை ரசமட்டம் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சிவப்பு வண்டி மேசைக்குப் பக்கத்தில் துண்டோடு நின்று அவரையே பார்த்தது. மூன்று வருஷம் வீட்டையே ஆட்டிவைத்து வாங்கிய வண்டி. தப்பாக வாங்கிவிட்டேன் என்று வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் கை போகும். கை போனால் தொழில் போகும். மேலேயும் கதவு, கீழேயும் கதவு.

"வண்டி எப்படி ஓடுது?" என்றாள் மனைவி.

"பறக்குது," என்றார், சோற்றை இடதுகையால் எடுத்துக்கொண்டு.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு பகல். வழக்கம்போல வண்டியோடு லிப்டில் ஏறினார். வழக்கம்போல வலதுகையால் பிரேக்கைப் பிடித்தார், பிடித்திருப்பதாக நினைத்தார். மரத்த விரல்களுக்குப் பிடித்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. நான்காவது மாடி தாண்டியதும் வண்டி இரண்டு சென்டிமீட்டர் முன்னால் உருண்டது. அவர் மூன்று வருஷம் யோசித்து மிச்சம் பிடித்த அதே இரண்டு சென்டிமீட்டர். முன்சக்கரம் கம்பிக் கதவை முட்டி, அதைத் தடத்திலிருந்து பிதுக்கியது. கதவு விலகினால் லிப்டு நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் போன மாதம்தான் அவர் எண்ணெய் போட்டிருந்தார். லிப்டு ஒழுங்காக நின்றது.

வண்டியைப் பின்னால் தள்ளப் பார்த்தார். பிதுங்கிய கதவுக் கம்பி முன்சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. இறங்கப் பார்த்தார். இடதுபுறம் கால் ஊன்றச் சாண் இடம். வலதுபுறம் அதுவும் இல்லை. பெட்ரோல் வாசனை. எதிரே கம்பிகளுக்கு அப்பால் வெறும் சுவர், அதில் அவரே பல வருஷத்துக்கு முன்னால் சுண்ணக்கட்டியால் எழுதிய "4½".

மாட்டிக்கொண்டால் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள் என்று முந்நூற்றுப் பதினோரு பேருக்குச் சொன்னவர், பழக்கதோஷத்தில் அழுத்தினார். அழைப்பு மணி எங்கே அடித்தது தெரியுமா? அவர் சட்டைப் பையில். அன்றைக்கு அவசர அழைப்பை எடுக்க வேண்டிய முறை அவருடையது.

எடுக்காமல் விடலாமா? ஒன்றரை நிமிஷத்தில் எடுக்காவிட்டால் மேலதிகாரிக்குப் போகும். எடுத்தாலும் பேச்செல்லாம் அலுவலகத்தில் பதிவாகும். எடுத்தார்.

"ஹலோ, பயப்படாதீங்க, நான் லிப்டு மெக்கானிக் பேசறேன்," என்று வாய் தானாகச் சொல்லியது. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அதே குரல் கனமாக வந்தது. அதைக் கேட்டு அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. "உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

"ஒருத்தர்," என்று குரலை மாற்றிச் சொன்னார்.

"கூட ஏதாவது சாமான்?"

சிவப்பு டாங்க்கைப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்ல."

"மூச்சுத் திணறுதா?"

"கொஞ்ச நாளாவே."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "கவலப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்று அவசரமாகச் சொல்லி அழைப்பை வைத்தார். பிறகு மனைவிக்குப் போட்டார். அவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"நாலரையாவது மாடியில."

"வண்டி?"

"அதுமேலதான் நான் இருக்கேன்."

பிறகு, "அம்மா, செருப்பப் போடு," என்று கேட்டது.

ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் மொட்டை மாடிக்குப் படியேறினார்கள். முழங்கால் வலிக்கார மாமியார் மாடிக்கு ஒரு தடவை நின்றார். எஞ்சின் அறைக்குள் போனதும் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ரசமட்டம் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் மெயின் சுவிட்சை இறக்கு. சுவரில் மஞ்சள் சக்கரம் இருக்கும், அதை மோட்டார் அச்சில் மாட்டு. அத்தை பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை அழுத்திப் பிடித்தால் மோட்டாரின் பிரேக் விடும். அப்போது நீ சக்கரத்தைச் சுற்று. ஒருத்தர் தனியாகச் செய்யக் கூடாது.

"பாரமா இருக்குமா?" என்றாள் மனைவி.

"இருக்காது. கூண்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாரம் தொங்குது. நானும் வண்டியும் சேர்ந்து அதுக்குக் கிட்டத்தட்டச் சமம். மேலயும் இழுக்காது, கீழயும் இழுக்காது."

"அதான் தெரியுமே," என்றது மாமியாரின் குரல்.

"சரி சொல்லுங்க," என்றாள் மனைவி. "எந்தப் பக்கம் சுத்தட்டும்? மேலயா, கீழயா?"

ரசமட்டம் வாயைத் திறந்தார், மூடினார். மேலே சுற்றினால் வீடு, கூடம், சாப்பாட்டு மேசை, கைப்பிடியில் துண்டு, "பறக்குது" என்கிற பொய். கீழே சுற்றினால் தெரு. நாலு பேர் பார்ப்பார்கள். இந்த வண்டி இனிமேல் மேலே ஏறாது.

"இன்னொரு மூணு வருஷம் ஆகுமா?" என்றாள். "அம்மாவுக்கு நாற்காலி ஏதாவது எடுத்துப் போடட்டுமா?"

"இல்ல, ரெண்டுலயும் வந்து…"

"இருங்க. மொதல்ல வேற ஒண்ணு கேக்கறேன். செவப்பா, கறுப்பா? நீளம் அகலம் சொல்லாதீங்க. ஒங்களுக்கு எது புடிச்சுது?"

சுவரில் "4½" அப்படியே இருந்தது. வலதுகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஐந்து விரலும் யாருடையவோ போல இருந்தன.

"கறுப்பு," என்றார்.

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து. உக்காந்ததும் தெரிஞ்சுது."

"பின்ன எதுக்கு இத வாங்குனீங்க?"

"அது லிப்டுல ஏறாதும்மா."

எஞ்சின் அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எந்தத் தலைமுறையின் பெருமூச்சு என்று தெரியவில்லை.

"கை வேற மரத்துப்போச்சு," என்று அவரே சொன்னார். திறந்த கதவை மறுபடி மூடுவானேன்? "ஸ்பானர் நிக்கறதில்ல. குண்டூசி தலையில போட்டிருப்பேன். கீழ சுத்து. தெருவுக்கே எறக்கிடு."

"அத்தை ரெடி!" என்றார் மாமியார். "ஒண்ணு!"

நான்கரை மாடி. சக்கரத்தை ஒரு முறை சுற்றினால் கூண்டு ஒரு விரற்கடை நகரும். மாமியார் ஒவ்வொரு சுற்றையும் பள்ளி மைதானத்துக் குரலில் எண்ணினார். இடையிடையே "மூச்ச இழு, விடு" என்றார். அது மகளுக்கா மருமகனுக்கா என்று சொல்ல முடியாது. ரசமட்டம் தவளை மாதிரிக் கவிழ்ந்து உட்கார்ந்தபடி இறங்கினார். அந்த வண்டியில் அவர் நிம்மதியாகப் போன ஒரே சவாரி அதுதான்.

நான்காவது மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தூக்கம் கலைந்து லிப்டுக்காகக் காத்திருந்தார். அவர் பார்வைக்கு, கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பில் முதலில் ஒரு சக்கரம் வந்தது. பிறகு ஒரு விளக்கு. பிறகு இரண்டு கைகள். இதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியாக ரசமட்டத்தின் முகம்.

"வணக்கம் சார்," என்றார் ரசமட்டம். வேறென்ன சொல்வது?

"எங்க கௌம்பிட்டீங்க?" என்றார் செயலாளர். அவரும் வேறென்ன கேட்பது?

"கீழதான் சார்."

"இதுக்கு நோட்டீஸ் ஒட்டணுமே."

"ஒட்டியிருக்கு சார். நான்தான் ஒட்டுனேன்."

முகம் மெல்லக் கீழே மறைந்தது. உச்சந்தலை மறையும்வரை செயலாளர் நகரவில்லை.

அறுநூற்றுச் சொச்சம் சுற்று முடிந்து கூண்டு தரையைத் தொட்டபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் மின்சாரம் இல்லாததால் வெளிக்கதவின் பூட்டு விடாது. சாவியோ மொட்டை மாடியில். அவர்கள் பதினோரு மாடியும் இறங்கி வர வேண்டும். ரசமட்டம் காத்திருந்தார். படிக்கட்டு வழியாக மாமியாரின் செருப்புச் சத்தமும், மாடிக்கு மாடி நின்று அவர் கைபேசியில் யாரையோ திட்டுகிற குரலும் இறங்கி இறங்கி வந்தன.

"அடுத்த வாரம் கிடுத்த வாரம்லாம் வேணாம்டா… ஒன் கார்ல இப்பப் பூனைதான் குடித்தனம் நடத்துது… நான் எடைக்குப் போட்டுருவேன், சொல்லிட்டேன்… யாரு? மாப்பிள்ளையா? அவரு கேக்கலடா! நாலு வருஷமா அவரு கேப்பாரு, கேப்பாருன்னு நானும் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன், அந்த மனுஷன் வாயத் தொறந்தாத்தானே!"

கதவுக் கண்ணாடியில் மனைவியின் முகம் வந்தது. வியர்த்து, கூந்தல் கலைந்து, கன்னத்தில் கருப்பு எண்ணெய். கையில் சாவி இருந்தது. பூட்டில் வைத்தாள். திருப்பவில்லை.

"கறுப்பு எவ்வளவு நீளம்?"

"ரெண்டு மீட்டர் பதினொன்னரை சென்டிமீட்டர்." இமைக்கக்கூட இல்லை.

"கீழ அண்ணன் கார் நிக்கற நம்ம எடம்?"

ரசமட்டம் முழித்தார். கூண்டை அளந்தவர், கூடத்தை அளந்தவர், தெருவின் பள்ளத்தைக்கூட அளந்தவர். அந்த ஓர் இடத்தை மட்டும் அவர் நாடா தொட்டதில்லை.

"அளந்ததில்ல," என்றார்.

"நாடாவ எடுங்க."

உட்கார்ந்தபடியே நாடாவைக் கம்பிகளுக்கு நடுவே கதவின் கீழ்ச்சந்துக்குச் சறுக்கிவிட்டார். அவள் குனிந்து எடுத்தாள். பூட்டில் வைத்த சாவியும் அந்தக் கையிலேயே போய்விட்டதை அவர் பார்த்தார்.

"கதவ?"

"அளந்துட்டு வந்து தெறக்கறேன். தெறந்துட்டா நீங்க கூட வந்து, அதுலயும் ரெண்டு பக்கம் பாப்பீங்க." கீழ்த்தளத்துப் படிகளில் அவள் காலடி இறங்கிப் போனது.

மாமியார் மெல்ல வந்து, கதவுக்கு எதிரே காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக மருமகனைப் பார்த்தார்.

"அவ வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம் மாப்பிள்ளை," என்றார். "நீங்களும் உக்காந்துதானே இருக்கீங்க."